கேட்டுவிட்டுத் தொடு

எங்கள் குழுவின் அட்டைக்குப் பின்பக்கத்தில் ஆறு விதிகள் அச்சடித்திருக்கும். முதல் விதி, கேட்டுவிட்டுத் தொடு. நினைவோடு இருக்கிற ஆளிடம் "முதலுதவிக்கு வந்திருக்கேன், உங்களைத் தொடலாமா?" என்று கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கண்ணெதிரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தவித்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நினைவு தப்பிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. ஆறாவது விதி, சொந்தக்காரர் என்றால் அடுத்தவருக்கு விடு. இது முதலில் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள், பிறகு அச்சில் ஏறியது. யாரால் ஏறியது என்று அட்டையில் போடவில்லை. குழுவில் இருக்கிற பதினோரு பேருக்கும் தெரியும்.

என்னால்தான்.

நான் லாண்டரி வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் வந்து சேர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தால் இருபது நிமிடம், திறந்திருந்தால் பன்னிரண்டு. அந்த இடைவெளியில் ஓடுவதற்குத்தான் நாங்கள். யாராவது அவசர எண்ணுக்கு அழைத்தால் எங்கள் போன்களும் கூடவே அலறும். விலாசம் வரும், யார் எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறோம் என்று வரும், பக்கத்தில் இருப்பவர் 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஓடுவார். சேவை மனப்பான்மை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர். பயிற்சியில் தாளம் தப்பினால் விசில் ஊதுவார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். ஒருநாள் சட்டை வாங்க வந்தவர், ஏழு கிலோ இஸ்திரிப் பெட்டியை நான் ஒரு கையால் தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று கேட்டார். எண்பது என்றேன். இந்தத் தோளை வைத்துக்கொண்டு வெறும் துணிதான் தேய்க்கிறாயா என்றார். இப்படித்தான் சேர்ந்தேன்.

சான்றிதழ் வாங்கிப் பத்தொன்பதாம் நாள், என் நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் கணவருக்குப் பூட்டு, சாவி வேலை. ஊருக்கே அவர் சாவிக்காரர், எனக்கு மட்டும் அண்ணா. தன் வீட்டு வாசல் கதவுக்கு நான்கு பூட்டு போட்டு வைத்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது திருட என்று நான் கேட்டால், உன் அக்கா இருக்கிறாளே என்பார். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே சரிந்தார். மூச்சு இல்லை.

நின்ற இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து ஓட வைக்கிற சின்னப் பெட்டி அப்போது குழுவுக்கே ஒன்றுதான், அதுவும் விசிலிடம். அவர் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நான் மண்டியிட்டு, உள்ளங்கையை அண்ணாவின் நெஞ்சு நடுவில் வைத்து, சத்தமாக எண்ணி எண்ணி அமுக்கினேன். பெருவிரல் நீளத்துக்கு நெஞ்சு உள்ளே போய் மேலே வர வேண்டும். பத்தோ பதினொன்றோ எண்ணும்போது விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடுத்ததில் இன்னொன்று. எலும்பு முறியத்தான் செய்யும், நிறுத்தாதே என்று விசில் சொல்லியிருந்தார். ஆனால் அக்கா என் தலைக்கு மேலே நின்று கத்தினார்.

"மெதுவா, மெதுவா. உடைச்சிடாதடி. மெதுவா."

நான் மெதுவாக அமுக்கினேன்.

எண்ணுவதை நிறுத்தவில்லை. தாளமும் தப்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆழம் மட்டும் குறைந்துவிட்டது. தினம் எண்பது சட்டை தேய்க்கிறவளுக்குத் தன் கை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் போகாது. தெரிந்தேதான் செய்தேன். அக்கா அழுகிறாரே, பாவம், கொஞ்சம் பார்த்துச் செய்வோம் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத வீடாக இருந்திருந்தால் இந்தப் பாவம் புண்ணியமெல்லாம் வந்திருக்காது. விசில் கொண்டுவந்த பெட்டியை ஒட்டிப் பார்த்தபோது, இனி மின்சாரம் கொடுத்துப் பயனில்லை என்று அதன் குரல் சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது அக்கா என்னைக் காட்டிச் சொன்னார், இவள்தான் அமுக்கியே கொன்றுவிட்டாள், எலும்பு உடைகிற சத்தத்தை என் இரண்டு காதாலும் கேட்டேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. விசில் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, எலும்பு உடைந்ததால் யாரும் சாவதில்லை என்று விளக்கினார். இவர் போய் அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் மட்டும் அக்கா வீட்டுக்குப் போவார், வந்து எதுவும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

நான் ஒழுங்காக அமுக்கியிருந்தால் அண்ணா பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. எனக்கு நானே இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொள்வது. ஆனால் கொன்றது யார் என்ற பேச்சு வந்தால், அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் அழுத்தி அமுக்கியது குற்றமில்லை. அமுக்காததுதான் குற்றம், அதுவும் அவர் சொல்லி. என்னை நல்லவள் என்று யாரும் எண்ண வேண்டாம், இது பலமுறை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் அவர் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. கொன்றவள் என்ற பட்டத்தை நான் சுமந்துகொள்வேன், எனக்கு அது தூக்கக்கூடிய எடை. தன் புருஷனைத் தானே தடுத்துச் சாகவிட்டோம் என்பதை அவரால் தூக்க முடியாது. அதனால் விழுங்கிவிடுவேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பள்ளிச் சீருடைகள் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. பெண், அறுபத்திரண்டு வயது, நெஞ்சுவலி, நினைவு இருக்கிறது. கீழே விலாசம். பெயர் போடமாட்டார்கள். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

என் கடையிலிருந்து மூன்று நிமிடம். அடுத்த ஆள் தபால்காரர், பதினொரு நிமிடம். என் வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அந்த நேரத்தில் போனை அணைத்து வைத்திருப்பார். ஆறாவது விதிப்படி நான் தபால்காரருக்கு விட வேண்டும். காத்திருக்கிற நிமிடங்கள் என்ன செய்யும் என்று அண்ணா விஷயத்தில் பார்த்தாகிவிட்டது. பொத்தானை அழுத்தினேன், இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். மின்சாரம் கொடுக்கிற பெட்டி இப்போது எல்லோருக்கும் ஆளுக்கொன்று இருக்கிறது, என்னுடையது அந்தப் பையில்.

நான்கு பூட்டும் திறந்து கிடந்தன. அவசர எண்ணுக்கு அழைத்தது மாடி வீட்டு டீச்சர். அவரே வாசலில் நின்று கையை ஆட்டினார். உள்ளே ஜன்னலோரம் மர நாற்காலியில் அக்கா. முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையை வலது கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். மூன்று வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்ததில்லை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார முயன்றார்.

விதிப்படி கேட்டேன். "அக்கா, முதலுதவிக்கு வந்திருக்கேன். உங்களைத் தொடலாமா?"

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

தபால்காரர் வந்துகொண்டிருக்கிறார், எட்டு நிமிடத்தில் வந்துவிடுவார் என்றேன்.

"அப்ப அவர் வரட்டும். உன் கை என் மேல படக்கூடாது."

டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மறுத்துவிட்டால் கண் படும் தூரத்தில் நிற்கலாம், பேச்சுக் கொடுக்கலாம், தொடக்கூடாது. நான் வாசல் மிதியடியிலேயே நின்றுகொண்டேன். அங்கிருந்தபடி, வலி கைக்கு இறங்குகிறதா என்று கேட்டேன். அக்கா டீச்சரைப் பார்த்து, "இறங்குதுன்னு சொல்லுங்க" என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அரை மணி நேரமாகிறது என்று டீச்சரிடம் சொன்னார், டீச்சர் அதை என்னிடம் சொன்னார். நாலடி தூரத்தில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினோம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, வயிற்றுப்புண் ஏதாவது உண்டா என்று அதே வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாத்திரையை டீச்சர் கையில் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னேன். இது யார் கொடுத்த மாத்திரை என்று அக்கா கேட்டார். என்னோடதுதான் என்றார் டீச்சர். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவர். அக்கா மென்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் அதைவிட அதிகமாக வந்தது. இந்த மனுஷிக்கு வீம்பு எலும்பு வரைக்கும் ஊறியிருக்கிறது, இவரிடம் கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று தெரியும். கெஞ்சாமலும் இருக்க முடியவில்லை.

"அக்கா, என்னைத் திட்டறதா இருந்தா நாளைக்குத் திட்டுங்க. இப்ப விடுங்க."

"அவரையும் இப்படித்தான் விட்டேன்" என்றார் அக்கா. இதை டீச்சரிடம் சொல்லவில்லை, நேராக என்னிடமே சொன்னார்.

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கை தானாக அவிழ்ந்து தொங்கியது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அரை நொடிதான் இருக்கும், ஆனால் வந்தது.

நாற்காலியிலிருந்து இழுத்துத் தரையில் கிடத்தினேன். கன்னத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. பெட்டியைத் திறந்து டீச்சர் பக்கம் தள்ளி, பச்சைப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, நான் அமுக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் முறிந்தது. அதே சத்தம். மூன்று வருடமாக ஒவ்வொரு பயிற்சியிலும் பொம்மையின் மேல் கை வைக்கும்போதெல்லாம் நான் எதிர்பார்த்துப் பயந்த சத்தம்.

"ஐயோ, மெதுவா" என்றார் டீச்சர். "மெதுவாம்மா, உடையுது."

"டீச்சர், வெளிய போங்க" என்றேன். "வாசல்ல நின்னு ஆம்புலன்ஸுக்குக் கை காட்டுங்க."

போய்விட்டார். நான் எண்ணிக்கொண்டே அமுக்கினேன். இன்னும் மூன்று எலும்பு முறிந்தது. முழு ஆழமும் போனேன். அழுதேன் என்று நினைக்கிறேன், அவருடைய ரவிக்கையைக் கத்தரித்து, பெட்டியின் ஒட்டுப் பட்டைகளை ஒட்டும்போது கண் மறைத்தது. பெட்டி விலகி நிற்கச் சொன்னது. விலகினேன். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. தொடர்ந்து அமுக்கு என்றது. அமுக்கினேன். இரண்டாவது சுற்றின் நடுவில் ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளப் பார்த்தது. அக்காவின் கை. கண் திறக்கவில்லை, முனகினார், ஆனால் தள்ளினார். அந்த நிலையிலும் என்னைத் தள்ளத்தான் தோன்றியிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய முந்தானையை எடுத்து மார்பை மூடினேன். தபால்காரர் உள்ளே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன் என்று பின்னால் சொன்னார். அவர் ஒரு சுற்றுக் கூட்டித்தான் சொல்வார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு படிவம் நிரப்ப வேண்டும். அதில் மூன்று கட்டம்: சம்மதித்தார், மறுத்தார், கேட்கும் நிலையில் இல்லை. நான் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் டிக் போட்டேன். ஏதாவது ஒன்றில்தான் போட வேண்டும் என்று விசில் போனில் கூப்பிட்டார். இரண்டும் நடந்ததே என்றேன். ஆறாவது விதியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர், சட்டை ஐந்து இருக்கிறது, வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. அங்கே போய் மறுத்தார் என்ற கட்டத்தில் இன்னொரு டிக் வாங்கி வருவானேன். என் வீட்டுக்காரர் தினமும் போனார். ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்தாகிவிட்டது, நான்கு விலா எலும்பு விட்டிருக்கிறது, இருமினால் உயிர் போகிறது என்றெல்லாம் சேதி வந்தது. என்னைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த நான்காம் நாள் இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா உன்னை வரச் சொன்னா. தனியா" என்றார்.

போனேன். ஒரு பூட்டுதான் போட்டிருந்தது. டீச்சர் திறந்துவிட்டு, அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி மாடிக்கு ஏறிவிட்டார். அக்கா அதே நாற்காலியில், நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னதைச் சொன்னார். யார் அமுக்கியது என்று அந்த டாக்டர் கேட்டாராம். தம்பி பெண்டாட்டி, லாண்டரிக்காரி என்றாராம். நல்லா அமுக்கியிருக்காங்க, எலும்பு விட்டிருக்கிறதே அதற்கு அடையாளம் என்றாராம் டாக்டர். சொல்லிவிட்டுத் தலையணையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார், சொல்ல வராமல் திணறுகிறார் என்று நினைத்தேன். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"டீச்சர் ஒண்ணு சொன்னாங்க" என்றார். "அவங்க மெதுவா மெதுவான்னு கத்தினாங்களாம். நீ வெளிய போகச் சொல்லிட்டியாம்."

"ஆமா."

"மெதுவா பண்ணியிருந்தா?"

நான் அவர் கையிலிருந்த தலையணையைப் பார்த்தேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ரெண்டு தடவைதான் சத்தம் கேட்டுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டே தடவை. அப்புறம் கேக்கவே இல்ல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அன்னைக்கு என்னை ஏன் வெளிய போகச் சொல்லல?"

மூன்று வருடமாக நான் விழுங்கியதை அவரே கண்டெடுத்துக் கையில் வைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் இறக்கி வைத்துவிடலாம். அவர் மடியில்தான் இறக்கி வைக்க வேண்டும்.

"நீங்க சொன்னது என் காதுலயே விழல அக்கா" என்றேன். "எனக்குக் கை ஓஞ்சு போச்சு. புதுசு இல்லையா. அதனாலதான் சரியா அமுக்க முடியல. தப்பு என்னோடது."

அக்கா என் கையைப் பார்த்தார். நான் அரைக்கை ரவிக்கை போட்டிருந்தேன். முழங்கையிலிருந்து தோள் வரை நிதானமாகப் பார்த்தார்.

"உனக்கா" என்றார். "கை ஓஞ்சு போச்சு."

"ஆமா."

வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு, சரி, அப்படியே இருக்கட்டும் என்றார். மாத்திரை நேரமாகிவிட்டது, சமையலறை வரைக்கும் போக வேண்டும், தன்னால் எழுந்திருக்க முடியாது என்றார். நான் எழுந்து முன்னால் போய் நின்றேன்.

"தொடலாமா அக்கா?"

"பின்னே, தபால்காரரையா கூப்பிடுவாங்க?"

அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி எழுந்தபோது எலும்பு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, முகம் சுருங்கியது. "மெதுவா" என்றார். "மெதுவா, மெதுவா."

சொன்னதும் அவரும் நின்றுவிட்டார், நானும் நின்றுவிட்டேன். அவர் நெற்றி என் தோளில் இருந்தது. ரவிக்கை நனைவது தெரிந்தது. விலா எலும்பு விட்டவர்கள் அழக்கூடாது, வலி தாங்க முடியாது. அவர் சத்தமே இல்லாமல் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன், பிறகு சொன்னபடி மெதுவாகவே தூக்கினேன்.